சாவா மூவாப் பேராடு

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் என் மகள் வயிற்றுப் பேத்தி திருவண்ணாமலை வேங்கிக்காலுக்கு வந்தாள். கிரிவலக் கூட்டத்துக்காகத் திருப்பிவிட்ட பஸ்கள் இன்னும் பழைய தடத்துக்கு வந்திருக்கவில்லை. வேலூர் ரோட்டில் எங்கோ இறங்கி, கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மோர் குடித்த கையோடு லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

“தாத்தா, தர மதிப்பீட்டுக்கு நாக் கமிட்டி வரப்போகுது. ஆறாவது கிரைட்டீரியன் எங்க தலையில விழுந்திருக்கு. அதுல, வளங்களைத் திரட்ட நிறுவனம் என்ன உத்தி வச்சிருக்குன்னு ஒரு கேள்வி. ஐந்நூறு வார்த்தைக்குள்ள எழுதணும். முப்பத்தாறு வருஷம் யுனிவர்சிட்டி நிதிப் பிரிவுல இருந்தீங்களே, சொல்லுங்க.”

அன்று சாயங்காலமே ஐந்நூறு வார்த்தை எழுதிக் கொடுத்தேன். மானியம், கட்டணம், ஆய்வுத் திட்டம், ஆலோசனைப் பணி, பழைய மாணவர் நன்கொடை என்று வரிசையாக வந்தது. அவளும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனாள். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்ததில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முப்பத்தாறு வருஷத்தில் நான் கற்றது அதில் ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். அவளுக்கும், அவள் வயதில் இப்படி ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும்.

1974-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வேலை கேஷ் புக் எழுதுவது. 2010-ல் துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் திருவண்ணாமலைப் பெரிய கோயிலுக்கு நீ நூறு முறை போயிருப்பாய். அடுத்த முறை போகும்போது சாமி கும்பிட்டுவிட்டு, பிராகாரத்துச் சுவரைக் கொஞ்ச நேரம் நின்று பார். எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை. சோழ நாட்டுக் கோயில் சுவர்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு: இன்னார், இந்தக் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய, இத்தனை ஆடு கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். எந்த அளவையால் அளப்பது என்பதற்கும் விதி உண்டு. ஆடவல்லான் என்ற இறைவன் பெயரை இட்ட அளவையால் அளக்க வேண்டும்.

இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு கொடுத்த பெயர்தான் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடு. அப்படி ஓர் ஆடு உலகில் உண்டா என்று கேட்பாய். கிழட்டு ஆடு செத்தால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வரும். மந்தையில் எண்ணிக்கை மட்டும் 96-க்குக் கீழே போகக் கூடாது. மிஞ்சிய பாலும் குட்டியும் மேய்ப்பவனுக்கு. நெய் விளக்குக்கு. மந்தையைத் தொட யாருக்கும் உரிமை இல்லை.

இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் ‘கார்ப்பஸ் ஃபண்ட்’ என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்வது இதைத்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். அமெரிக்காவில் வாழும் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் சம்பந்தமும் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் போட்டு 2015-ல் தொடங்கினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உண்டியலை உடைத்துக் கொடுத்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. 2018-ல் தொகை நிறைந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்துத் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் கனடிய டாலர். அங்கே பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் ஈழத்திலிருந்து ஓடிப்போய் அந்தக் குளிரில் வேரூன்றிய நம் சனங்கள். 2021-ல் நிறைவேறியது. இரண்டு இடத்திலும் முதலை யாரும் தொட முடியாது. அது ஈட்டுவதிலிருந்துதான் பேராசிரியருக்குச் சம்பளம். மந்தை நிற்கும், நெய் மட்டும் வரும்.

பாதிப் பாடம் இதுவரைக்கும். மற்றப் பாதி எனக்கு அவமானத்தோடு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று நினைவு. போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஆரம்பப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் வந்து, இயற்பியலில் முதலாவதாக வரும் மாணவிக்குத் தன் தாயார் பெயரில் ஆண்டுதோறும் பரிசு கொடுக்கச் சொல்லிப் பத்தாயிரம் ரூபாய் கட்டினார். எண்ணெய் மில்லில் கடலைக்காய் உடைத்து அவரைப் படிக்க வைத்த அம்மா. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதி அது. ரசீது போட்டோம், நன்றிக் கடிதம் கொடுத்தோம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

ஆறு வருஷம் கழித்து மறுபடி வந்தார். இதுவரை பரிசு வாங்கிய பெண்களின் பெயர்ப் பட்டியல் கிடைக்குமா என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. பதிவேட்டை எடுத்துப் பிரித்தேன். பரிசு முதல் வருஷம் மட்டும் கொடுத்திருந்தது. அதற்கப்புறம் வைப்புத்தொகை முதிர்ந்திருக்கிறது. புதுப்பிக்க வேண்டியதைப் பொதுக் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள். சம்பளம் போடப் பணம் தட்டிய ஏதோ ஒரு மாதத்தில் அந்தக் கணக்கோடு சேர்ந்து அதுவும் கரைந்திருக்கிறது. களவு இல்லை, யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. “ஒவ்வொரு வருஷமும் பட்டமளிப்பு விழா பேப்பர்ல வரும் சார். இந்நேரம் எங்கம்மா பேரைச் சொல்லி ஒரு பொண்ணை மேடைக்குக் கூப்பிட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்” என்றார். எழுந்து போய்விட்டார்.

நாங்கள் அந்தத் தொகையை வட்டியோடு திரும்ப நிறுத்தினோம். பரிசு அடுத்த வருஷத்திலிருந்து நடந்தது. நான் அவருக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. அவர் மறுபடி அந்த வாசலை மிதிக்கவே இல்லை. அவரோடு பிள்ளைகள், அவரிடம் படித்தவர்கள், அவர் சொல்லைக் கேட்கும் ஒரு கிராமம், எல்லாரும் போனார்கள். ஒரு பல்கலைக்கழகம் இப்படி எதை இழந்தது என்பது எந்தத் தணிக்கை அறிக்கையிலும் வராது.

அதற்குப் பிறகு என் பிரிவில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினேன். அறக்கட்டளைகள் அப்போது நாற்பத்தொன்று இருந்தன. வருஷா வருஷம் ஆடி மாதத்துக்குள் கொடையாளர் ஒவ்வொருவருக்கும், அவர் இல்லையென்றால் வாரிசுக்கும் ஒரு பக்கக் கடிதம். அலங்காரம் ஒன்றும் கிடையாது. இந்த வருஷம் பரிசு வாங்கிய பெண் இன்னார், ஊர் இது, அப்பா இன்ன வேலை செய்கிறார், வாங்கிய மதிப்பெண் இவ்வளவு, அடுத்து இன்னது படிக்கப் போகிறாள், உங்கள் முதல் வங்கியில் இவ்வளவு இருக்கிறது, வட்டி இவ்வளவு வந்தது. அவ்வளவுதான். முதல் வருஷம் எட்டுப் பேர் பதில் எழுதினார்கள். மூன்றாம் வருஷத்தில் கேட்காமலேயே இரண்டு பேர் முதலைக் கூட்டிக் கொடுத்தார்கள். நான் அவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்டிருக்கவில்லை.

கண்ணு, நீ எழுதப்போகும் கொள்கை அறிக்கையில் ‘கொடையாளரை அணுகும் உத்தி’ என்று ஒரு தலைப்புப் போடுவாய். அதற்கு முன்னால், ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு நாம் என்ன சொன்னோம் என்று கேள். உங்கள் பல்கலைக்கழகத்திலும் ஒரு பீரோ இருக்கும். அதற்குள் நாற்பதோ அறுபதோ அறக்கட்டளை ஆவணங்கள் தூங்கும். புதிதாக ஒருவரைத் தேடிப் போகும் முன் அந்தப் பீரோவைத் திற.

திறந்தால் வேறொன்றும் கண்ணில் படும். எழுபதுகளில் யாரோ ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்தச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அந்தத் தொகை என் ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகம். இன்று ஏழு சதவீதம் வட்டி என்றால் 350 ரூபாய். பேச வருபவரின் போக்குவரத்துச் செலவுக்கே காணாது. வங்கியில் போட்ட பணம் குட்டி போடுவதில்லை, ஆட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். வட்டி முழுவதையும் நெய்யாக்கி எரித்துவிட்டால், விலைவாசி ஏற ஏற மந்தை வருஷத்துக்கு வருஷம் கிழடாகிக்கொண்டே போகும். அதனால் வட்டியில் கால் பங்கை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்க வேண்டும் என்று நான் நோட் போட்டேன். மூன்று வருஷம் அந்த ஃபைல் மேசைக்கு மேசை அலைந்தது. கடைசியில் சிண்டிகேட்டில் நிறைவேறியது. என் பணிக்காலத்தில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். உங்கள் இடத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அதுதான் உன் முதல் உத்தி.

கல்விக்கு இப்படி நிலைத்த சொத்து வைப்பது நமக்குப் புதிதில்லை. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் நமக்கு ரொம்பத் தொலைவு கிடையாது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கே ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர், 14 ஆசிரியர், அவர்களுக்கான செலவுக்கு 45 வேலி நிலம். மாணவனுக்கு நாளொன்றுக்கு எத்தனை நாழி நெல் என்பதுவரை கல்லில் இருக்கிறது. அது வேதம் படிப்பவர்களுக்கான இடம். உன் கொள்ளுப்பாட்டனார் அதன் வாசலுக்குள் போயிருக்க முடியாது. அதையும் சேர்த்தே நினைவில் வை. ஆனால் அந்தக் கல்லில் இருக்கும் ஒழுங்கை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தது யார், கொடுத்தது எது, எதற்காக, யார் பொறுப்பு. நான்கும் எல்லாருக்கும் தெரியும்படி சுவரில். நம் பல்கலைக்கழகங்களின் இணையதளத்தில் இந்த நான்கும் எத்தனை அறக்கட்டளைக்கு இருக்கிறது?

சென்னையில் பச்சையப்ப முதலியார் 1794-ல் இறந்தார். அவர் உயில் எழுதி வைத்திருந்த பணம் வழக்கில் சிக்கி, பல பத்தாண்டு கழித்துத்தான் மீண்டது. கோயில் தருமத்துக்குப் போக மிஞ்சியதில் 1842-ல் பள்ளி தொடங்கி, பின்னால் அது பச்சையப்பன் கல்லூரியானது. எழுத்தில் இருந்ததால் மீண்டது. வாய் வார்த்தையாக இருந்திருந்தால் அந்தக் கல்லூரியே இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பெரிய முதல் இருந்தால் மட்டும் போதாது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இருபது லட்சம் ரூபாய் கொடுத்து 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை! தமிழிசைக்கும் தமிழ் ஆராய்ச்சிக்கும் அந்த வளாகம் செய்ததை மறக்க முடியாது. ஆனால் 2013-ல் நிதி நெருக்கடி முற்றி, அரசே சட்டம் போட்டு அதை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வரவு தாங்காத அளவுக்குப் பணியிடங்கள் பெருகியிருந்தன. ஆயிரக்கணக்கானவர்களை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றினார்கள். அண்மையில் மதுரையிலும் சென்னையிலும் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திணறிய செய்தியை நீயே படித்திருப்பாய். ஓய்வூதியம் வாங்குகிறவன் என்ற முறையில் அந்தச் செய்தி எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அரசின் மானியம் கடமை. அதைக் கேட்டுப் போராடி வாங்கத்தான் வேண்டும். நன்கொடை திரட்டுகிறோமே என்று அரசு தன் கையை இழுத்துக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது. இதை உன் அறிக்கையில் எழுத விடமாட்டார்கள். மனசில் எழுதிக்கொள்.

சரி, புதிதாகக் கேட்கப் போவதைப் பற்றி.

சித்ரா பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் எத்தனை இடத்தில் அன்னதானம் நடந்தது தெரியுமா? எங்கோ ஆந்திராவிலிருந்து, பெங்களூரிலிருந்து வந்து, தாங்களே அண்டா வைத்துப் பரிமாறிவிட்டுப் போகிறார்கள். யாரும் போய்க் கெஞ்சவில்லை. ஏன் கொடுக்கிறார்கள்? புண்ணியம் என்பாய். அதுவும் உண்டு. நான் இத்தனை வருஷம் பார்த்ததில் இன்னொன்று உண்டு. கொடுத்தது தொன்னையில் விழுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஒரு கிழவி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவதைப் பார்க்கிறார்கள். நீ ஒரு பழைய மாணவரிடம் போய், “உயர்கல்வி மேம்பாட்டுக்கு உதவுங்கள்” என்றால் அவர் கண்ணில் எது தெரியும்?

காமராசர் ஆட்சியில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார்கள். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கியது. மாநாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று ஊரையே கூட்டிப் பட்டியல் போட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலப்படம், குடிதண்ணீர்ப் பானை, மதிய உணவுக்குத் தட்டு, கட்டடத்துக்கு நிலம். பணக்காரர் நிலம் கொடுத்தார், பெட்டிக்கடைக்காரர் கடிகாரம் கொடுத்தார், ஒன்றும் இல்லாதவர் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார். அந்த மாநாடுகளை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு அவர் கொடுத்தது இரண்டு மணப்பலகை. “அதுல உக்காந்து நாலு பேர் படிப்பாங்கடா” என்பார்.

உன் துறைக்கும் ஒரு பட்டியல் போடு. முந்நூறு ரூபாயில் தொடங்கி முப்பது லட்சம் வரை போகட்டும். ஒரு மாணவியின் ஒரு பருவத் தேர்வுக் கட்டணம், விடுதியில் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம், நூலகத்துக்கு ஒரு வருஷ ஆய்விதழ், ஆய்வகத்துக்கு ஒரு கருவி. ஒவ்வொன்றுக்கும் நேரே விலை, வாங்கிவிட்டால் அடித்துவிடு. கோயிலில் மண்டகப்படி இருக்கிறதே, பத்து நாள் திருவிழாவில் இந்த நாள் இந்தச் சமூகத்தார் செலவு என்று. அதைப் போல ஒவ்வொரு ஆண்டு படித்து வெளியேறியவர்களும் ஒரு காரியத்தைத் தங்கள் பேரில் எடுத்துக்கொள்ளட்டும். கட்டளைதாரர், உபயதாரர் என்று நம் ஊரில் வண்டி வண்டியாகச் சொல் இருக்கிறது. காரியமும் நமக்குத் தெரிந்ததுதான்.

சென்னை ஐ.ஐ.டி. 2023-24-ல் மட்டும் 513 கோடி ரூபாய் திரட்டியது. அடுத்த ஆண்டு அங்கே 1970-ல் படித்து முடித்த கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி கொடுத்தார். இதை ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எடுத்துச் சொல்லி, நாம் ஏன் இப்படி இல்லை என்று கேட்பார்கள். திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி 1966-ல் வந்தது. அங்கே படித்து வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி. பள்ளி ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், போலீஸ்காரர், கூட்டுறவு வங்கிக் காசாளர், நெல் வியாபாரி. அவர்களிடம் 228 கோடி இல்லை. ஆனால் ஒரு பஸ் ஏறும் தூரத்தில் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை வந்து போட்டித் தேர்வுக்குப் பாடம் நடத்துவார்கள். ஆய்வகத்து மின்சாரத்தைச் சரி செய்து கொடுப்பார்கள். தாசில்தார் அலுவலகத்தில் மாணவிக்குச் சாதிச் சான்றிதழ் தாமதமானால் போய்க் கேட்பார்கள். வளம் என்றால் காசோலை மட்டும் என்று நினைக்கிறவர்கள் இவர்களை எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை. நீ சேர்.

பெரிய கொடையைப் பற்றிப் பேசுவதானால் காரைக்குடிக்குப் போ. 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் முன்வந்து ஊர்களில் கல்லூரி தொடங்க வேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் அந்த மேடையிலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அடுத்த மாதமே காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பம். எல்லாரும் சொல்லும் கதை இது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்து அவர் செய்தது. மத்திய அரசு தேசிய ஆய்வகங்கள் அமைக்கப் போகிறது என்று தெரிந்ததும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், ஒன்றைக் காரைக்குடியில் அமையுங்கள் என்றார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்தது. வானம் பார்த்த அந்தப் பூமியில்! கொடுத்துவிட்டுக் கேட்டார். தன் பங்கை முதலில் மேசையில் வைத்தார். நீ ஓர் ஆய்வுத் திட்டம் எழுதும்போதும் இடம் எங்களுடையது, ஆட்கள் எங்களுடையவர்கள், இந்த ஒரு கருவி மட்டும் வேண்டும் என்று எழுதினால் அந்தத் தாளுக்குத் தனி எடை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. செய்யாறு சிப்காட் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆரணியில் பட்டும் அரிசியும் இருக்கிறது. அவர்களிடம் நன்கொடை கேட்பதற்கு முன்னால், அவர்கள் தண்ணீரையும் சாயத்தையும் சோதித்துத் தர உங்கள் ஆய்வகத்தால் முடியுமா என்று பார். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்துகொடு. சம்பாதித்த பணத்துக்கு மரியாதை அதிகம். மானியம் வந்தால் பயன்பாட்டுச் சான்றிதழை, அந்த ‘யூசி’யை, மார்ச் மாதம் வரை தள்ளிப்போடாதே. முந்தைய தவணைக்கு யூசி போகாததால் அடுத்த தவணை வராமல் நின்ற திட்டங்களை நான் கை விரல் போதாத அளவு பார்த்திருக்கிறேன்.

வாங்கக் கூடாத பணமும் உண்டு. பேரனுக்கு ஒரு சீட்டு, மருமகனுக்கு ஒரு வேலை என்று கூடவே இன்னொரு வார்த்தை வந்தால், அது எத்தனை லட்சமானாலும் திருப்பி அனுப்பு. சீட்டுக்குப் பணம் வாங்குவதைத் தடுக்க 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் வாங்கக் கூடாது. அப்படி ஒரு ரூபாய் உள்ளே வந்ததென்று ஊருக்குத் தெரிந்தால், போளூர்ப் பக்கத்து வாத்தியார் மாதிரி ஆட்கள் அதற்கப்புறம் உன் வாசலுக்கு வரமாட்டார்கள்.

இருப்பதையும் ஒரு முறை சுற்றிப் பார். நான் பணியில் இருந்தபோது ஒரு துறையில் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி ஒன்று பெட்டி பிரிக்காமலேயே இருந்தது. மும்முனை மின் இணைப்பு இல்லை. அதற்கு எழுதிய கோரிக்கை பொறியியல் பிரிவில் கிடந்தது. இரண்டு கட்டடம் தள்ளி இன்னொரு துறை அதே கருவி வேண்டுமென்று தில்லிக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தது. நீங்கள் எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு கருவிப் பட்டியல் போட்டாலே பாதித் தேவை தீரும். அதற்குச் செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்.

பேத்தி ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. நேற்று ராத்திரி போன் பண்ணினாள். பீரோவைத் திறந்துவிட்டாளாம். ஐம்பத்துமூன்று அறக்கட்டளை இருக்கிறதாம். அதில் பத்தொன்பதுக்குப் பல வருஷமாகப் பரிசே கொடுக்கவில்லையாம். “இதை வெளியில சொன்னா நாக் கமிட்டில மார்க்கு போயிடுமே தாத்தா” என்று தயங்கினாள்.

போகட்டும், கண்ணு. அந்தப் பத்தொன்பது குடும்பத்துக்கும் முதலில் எழுது. நடந்ததை நடந்தபடி எழுது, முதல் எவ்வளவு இருக்கிறது என்று எழுது, இந்த வருஷத்திலிருந்து கொடுப்போம் என்று எழுது. துணைவேந்தர் கையெழுத்தோடு அனுப்பு. ஜூன் மாதம் வகுப்புத் தொடங்கும் முன்னால் தபாலில் சேர்த்துவிடு. பழைய முகவரிகளில் ஆள் இல்லையென்று கடிதங்கள் திரும்பி வந்தால் தூக்கிப் போட்டுவிடாதே. எனக்கு அனுப்பு. ஆரணி, போளூர், செங்கம், வந்தவாசிப் பக்கத்து ஆட்களாக இருந்தால் நான் நேரிலேயே போய் விசாரித்துச் சொல்கிறேன்.